வாயிலில் அறுபடும் மருத்துவம்: சிறையிலிருந்து விடுதலை பெறும் போதைச் சார்பு, மனநோய் உடையோருக்கான தொடர் பராமரிப்பு

ஆய்வுச் சுருக்கம்

சிறையில் இருந்த காலத்தில் போதைச் சார்புக்கோ மனநோய்க்கோ மருத்துவம் பெற்றுவந்த ஒருவர் விடுதலையாகும்போது, அம்மருத்துவம் வெளியிலும் தொடர்வதற்கான ஏற்பாடு வலுவாக அமைவதில்லை. விடுதலையை அடுத்த நாள்கள் உயிரிழப்புக்கான வாய்ப்பு மிகுந்தவை என்பதை அயல்நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்வாய்வு முடிவுகளையும், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உள்ளிட்ட இந்தியச் சட்ட ஏற்பாடுகளையும் இக்கட்டுரை ஒருங்கே வைத்து நோக்குகிறது. இந்தியச் சிறைவாசிகளுள் பெரும்பான்மையோர் விசாரணைக் கைதிகள். அவர்கள் வெளியேறும் நாள் முன்கூட்டியே தெரிவதில்லை. எனவே விடுதலைக்கான மருத்துவத் திட்டம், சிறையில் சேர்க்கப்படும் நாளிலேயே தொடங்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்

சிறை மனநலம், போதைச் சார்பு, விடுதலைத் திட்டமிடல், தொடர் பராமரிப்பு, விசாரணைக் கைதி, பிணை, மனநலப் பராமரிப்புச் சட்டம்.

முன்னுரை

சிறைச் சீர்திருத்தம் குறித்த உரையாடல்கள் பெரும்பாலும் மதிலுக்கு உள்ளே நிகழ்வனவற்றைப் பற்றியே அமைகின்றன. இட நெருக்கடி, உணவு, மருத்துவ வசதி, வழக்குத் தாமதம் ஆகியன அவற்றின் பொருள்களாகும். விடுதலைக்குப் பிந்தைய வாழ்வு பற்றிப் பேசும்போதும் வேலைவாய்ப்பு, தொழிற்பயிற்சி ஆகியவையே முதலிடம் பெறுகின்றன. இவை தேவையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் தையல் பயிற்சி பெற்று வெளியேறும் ஒருவருக்கு உளப்பிளவு நோய் இருந்து, அதற்குரிய மாத்திரை விடுதலையான நாளோடு நின்றுவிடுமானால் அப்பயிற்சி அவருக்குப் பயன்படாமற் போகும். ஊருக்குத் திரும்பும் வழியிலேயே மதுக்கடையைக் கடந்து செல்ல வேண்டியவருக்கு, மாதக்கணக்கில் மது இல்லாமல் இருந்ததே மருத்துவம் ஆகிவிடாது.

சிறை மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் சந்திக்கும் இடம் சிறைவாயில். ஒன்றின் பொறுப்பு அங்கு முடிகிறது. மற்றொன்றின் பொறுப்பு அங்கு தொடங்குவதில்லை. நோயாளி தாமாக ஒரு மருத்துவமனைக்குச் சென்று பெயர் பதிந்தபின்னரே அது தொடங்குகிறது. இவ்விடைவெளியின் தன்மை, அதனால் விளையும் இடர், அதனை நிரப்புவதற்கு ஏற்கெனவே உள்ள சட்ட வழிகள் ஆகியவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

சிறைவாசிகளிடையே நோயின் பரவல்

இந்தியச் சிறைகளில் மனநலம் குறித்த விரிவான ஆய்வுகளுள் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தினர் பெங்களூர் மத்தியச் சிறையில் மேற்கொண்டு 2011இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. அதில் 5,024 சிறைவாசிகள் ஆராயப்பட்டனர். அவர்களுள் 79.6 விழுக்காட்டினருக்கு மனநோய், போதைப்பொருள் பயன்பாடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பதாகக் கண்டறியப்பட்டது. போதைப்பொருள் பயன்பாட்டை மட்டும் நீக்கிக் கணக்கிட்டபோதும் 27.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்தது.

இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவு கருதத்தக்கது. சிறைவாசிகளிடையே போதைப் பயன்பாடு எந்த அளவிற்குப் பரவியுள்ளது என்பதை அது உணர்த்துகிறது. மனநோயும் போதைச் சார்பும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதும் மருத்துவர்கள் அறிந்த ஒன்று. மனநலப் பராமரிப்புச் சட்டமும் இவை இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு தரும் வரையறையில், மது, போதைப்பொருள் ஆகியவற்றின் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளும் மனநோயுள் அடங்கும். ஆகவே போதைச் சார்புடைய சிறைவாசிக்கும் அச்சட்டம் வழங்கும் உரிமைகள் உண்டு.

விடுதலை என்னும் இடர்க்காலம்

விடுதலை நாள் மகிழ்ச்சிக்குரியது என்பது பொதுக் கருத்து. மருத்துவ நோக்கில் அது இடர் மிகுந்த நாளும் ஆகும். அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 ஜூலை முதல் 2003 டிசம்பர் வரை விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. ஆய்வுக் காலத்தில் அவர்களுள் 443 பேர் இறந்தனர். விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறப்பதற்கான வாய்ப்பு, அம்மாநிலத்தின் பிற மக்களோடு ஒப்பிட 12.7 மடங்கு இருந்தது. அளவுக்கு மீறிய போதைப்பொருளால் இறப்பதற்கான வாய்ப்போ 129 மடங்கு இருந்தது.

இதற்கான காரணம் உடலியல் சார்ந்தது. ஓப்பியம் வகைப் பொருள்களைத் தொடர்ந்து பயன்படுத்துவோரின் உடல் அவற்றுக்குப் பழகிவிடுகிறது. முன்பு போதை தந்த அளவு பின்னர்ப் போதாமையால் அளவு கூடிக்கொண்டே செல்லும். மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியும் அதற்கேற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும். சிறையில் சில வாரங்கள் அப்பொருள் கிடைக்காதபோது இத்தாங்குதிறன் குறைந்துவிடுகிறது, வேட்கை குறைவதில்லை. வெளியே வந்தவர் தாம் முன்னர் வழக்கமாக எடுத்துக்கொண்ட அளவையே மீண்டும் எடுத்துக்கொள்கிறார். அந்த அளவை அவர் உடல் இப்போது தாங்காது, மூச்சு நின்றுபோகிறது. இவ்வகையில், மருத்துவமின்றி வெறுமனே விலகியிருந்த காலமே இடரைக் கூட்டுகிறது.

மனநோயின் போக்கு வேறானது. உளப்பிளவு நோய், இருமுனை மனநிலைக் கோளாறு ஆகியவற்றுக்கான மருந்து நின்றவுடன் மறுநாளே நோய் திரும்பிவிடுவதில்லை. வாரங்கள் கடந்தபின் உறக்கம் குறைகிறது, ஐயம் வளர்கிறது, பேச்சும் நடத்தையும் மாறுகின்றன. இதற்குள் விடுதலை நாள் பின்சென்றுவிடுவதால், நோய் திரும்பியதற்கும் மருந்து அறுபட்டதற்கும் உள்ள தொடர்பைக் குடும்பத்தார் உணர்வதில்லை. திருந்தாதவர் என்னும் முத்திரை அவர்மீது விழுகிறது. தெருவில் ஏற்படும் ஒரு சச்சரவோ அக்கம்பக்கத்தாரின் புகாரோ அவரை மீண்டும் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்கிறது.

ஆகவே விடுதலைக்குப் பிந்தைய பராமரிப்பு இருவேறு கால அளவுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஓப்பியம் வகைச் சார்புடையோருக்கு முதல் பதினான்கு நாள்கள் உயிர் காப்பதற்குரியவை. மனநோய் உடையோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான தொடர் கவனிப்பு தேவை. வாசிங்டன் ஆய்வின் எண்களை அப்படியே தமிழ்நாட்டிற்குப் பொருத்திப் பார்ப்பதும் முறையன்று. இங்கு மதுச் சார்பே முதன்மையானது. மதுச் சார்பில் கடுமையான இடர், சிறையில் சேர்ந்த முதல் சில நாள்களில் மது திடீரென நிற்பதால் ஏற்படும் வலிப்பு, மனக்குழப்பம் ஆகியனவாகும். விடுதலைக்குப் பின் ஏற்படுவது மீள்குடியும் அதனால் விளையும் வன்முறை, விபத்து, தற்கொலை ஆகியனவும் ஆகும். நோய்க்கேற்ப இடரின் காலமும் வடிவமும் மாறினும், சிகிச்சை அறுபடும் இடம் ஒன்றே.

தொடர் பராமரிப்பின் முன்மாதிரிகள்

இவ்விடைவெளியை நிரப்ப மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் நான்கு இங்கு எடுத்துக்காட்டத் தக்கவை.

முதலாவது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தினுடையது. அம்மாநிலச் சிறைத்துறை 2016இல் ஓப்பியம் வகைச் சார்புக்கான மெத்தடோன், புப்ரினார்ஃபின், நால்ட்ரெக்சோன் ஆகிய மூன்று மருந்துகளையும் சிறைக்குள் வழங்கத் தொடங்கியது. விடுதலையானவுடன் அதே மருந்தை வெளியிலுள்ள சிகிச்சை மையத்தில் தொடரவும் ஏற்பாடு செய்தது. 2016ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் அம்மாநிலத்தில் அளவுமீறிய போதைப்பொருளால் இறந்த 179 பேருள் 26 பேர் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள். 2017இன் அதே காலத்தில் இறந்த 157 பேருள் அத்தகையோர் 9 பேர். குறுகிய காலத்தை ஒப்பிட்ட ஆய்வு இது என்பதை மறத்தலாகாது. எனினும் மாநிலத்தின் மொத்த இறப்பு சிறிதளவே குறைந்திருக்க, சிறையிலிருந்து வந்தோரின் இறப்பு ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு குறைந்தது கருதத்தக்கதாகும்.

இரண்டாவது ஸ்காட்லாந்தின் திட்டம். ஓப்பியம் வகைப் பொருள்களால் மூச்சு அடங்கும்போது அதனை மீட்கும் நலாக்சோன் மருந்தை, இடருக்குள்ளாகக் கூடியோரிடமும் சிறையிலிருந்து வெளியேறுவோரிடமும் முன்கூட்டியே வழங்கும் தேசியத் திட்டம் அங்கு 2011இல் தொடங்கியது. அதற்கு முந்தைய 2006 முதல் 2010 வரையிலான காலத்தில் ஓப்பியம் சார்ந்த இறப்புகளுள் 9.8 விழுக்காடு, சிறையிலிருந்து வெளியேறிய நான்கு வாரங்களுக்குள் நிகழ்ந்தவை. 2011 முதல் 2013 வரையிலான காலத்தில் இது 6.3 விழுக்காடாகக் குறைந்தது.

மூன்றாவது, இக்கட்டுக்காலத் துணை எனத் தமிழில் வழங்கத்தக்க முறை. நியூயார்க்கில் வீடற்ற மனநோயாளர்கள் தங்குவிடுதியிலிருந்து வெளியேறும் காலத்திற்கென உருவாக்கப்பட்ட இம்முறையின் முதல் ஆய்வு முடிவு 1997இல் வெளியானது. ஒரே பணியாளர் ஒன்பது மாத காலம் ஒருவரோடு தொடர்பில் இருந்து, அவரைக் குடும்பம், மருத்துவமனை, வீடு ஆகியவற்றோடு இணைத்துவிட்டுப் படிப்படியாக விலகிக்கொள்வார். இங்கிலாந்தில் கடுமையான மனநோய் உடைய 150 சிறைவாசிகளிடம் இம்முறை சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2017இல் வெளியாயின. விடுதலைக்குப் பின் ஆறாவது வாரத்தில், துணை பெற்றவர்களுள் 53 விழுக்காட்டினர் மனநலக் குழுவினரின் கவனிப்பில் இருந்தனர். வழக்கமான முறையில் விடப்பட்டவர்களுள் 27 விழுக்காட்டினரே அவ்வாறு இருந்தனர். பன்னிரண்டாம் மாதத்தில் இவ்வேறுபாடு நிலைக்கவில்லை. ஒரு மனிதரின் துணை தொடர்பை ஏற்படுத்தித் தரும். அத்தொடர்பைத் தாங்கிநிற்கும் சமூக மருத்துவ அமைப்பு வலுவாக இல்லாவிடில் அது நீடிக்காது என்பது இதன்வழிப் பெறப்படும் கருத்து.

நான்காவது, 2006இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய மருத்துவமனை இணையம். சிறையிலிருந்து வந்தோருக்கென இயங்கும் இம்மருத்துவமனைகளில், முன்பு சிறையில் இருந்தவர்களே பயிற்சி பெற்றுச் சமூகச் சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தப்படுகின்றனர். சிறை வாழ்வின் அச்சங்களையும் வெட்கத்தையும் அறிந்த ஒருவர் அழைத்துச் செல்லும்போது மருத்துவமனைப் படியேறும் தயக்கம் குறைகிறது.

இந்நான்கும் நோயாளியைத் தேடி மருத்துவம் வாயில்வரை வர வேண்டும் என்னும் ஒரே கொள்கையின் வெவ்வேறு வடிவங்கள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளிலும் இக்கொள்கை இடம்பெற்றுள்ளது. சிறை மருத்துவம் பொதுச் சுகாதார அமைப்போடு நெருங்கி இயங்கிப் போதைச் சார்பு உள்ளிட்டவற்றுக்கான சிகிச்சையின் தொடர்ச்சியை உறுதிசெய்ய வேண்டும் என 24ஆம் விதியும், விடுதலைக்குப் பின்னும் தேவைப்படின் மனநல மருத்துவமும் சமூகப் பராமரிப்பும் தொடர வழி செய்தல் விரும்பத்தக்கது என 110ஆம் விதியும் கூறுகின்றன.

இந்தியச் சட்டங்களில் விடுதலைக்குப் பிந்தைய மருத்துவம்

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு சிறைவாசிகளுக்கு உரியது. மனநோயுடைய சிறைவாசியைச் சிறை மருத்துவப் பிரிவின் மனநல வார்டுக்கோ, அது இல்லாதவிடத்து மனநல மருத்துவ நிறுவனத்திற்கோ மாற்ற அது வழி செய்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலேனும் மனநல மருத்துவ நிறுவனம் அமைக்கப்பட வேண்டும் என்றும் பணிக்கிறது. சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்திற்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சிறையில் மனநோயுடையோர் எவரும் இல்லை என்பதைச் சான்றளிப்பதாகவே அவ்வறிக்கை சட்டத்தில் சொல்லப்பட்டுள்ளது. சிறைக்குள் மனநோயாளர் தேங்கிவிடக் கூடாது என்னும் நோக்கம் இதில் தெளிவு. ஆனால் அங்கிருந்து வெளியேறியவர் எங்குச் சென்றார், யாருடைய மருத்துவத்தில் இருக்கிறார் என்னும் வினாவுக்கு அவ்வறிக்கையில் இடமில்லை.

விடுதலைக்குரிய விடை அச்சட்டத்தின் வேறோரிடத்தில், 98ஆம் பிரிவில், கிடைக்கிறது. மனநல மருத்துவ நிறுவனம் ஒன்றிலிருந்து ஒருவர் வெளியேறும்போது, அவருக்கு மருத்துவம் பார்த்தவர் நோயாளியோடும், அவர் நியமித்த பிரதிநிதியோடும், அவர் உடன் வாழவிருக்கும் குடும்பத்தாரோடும், இனி மருத்துவம் பார்க்கவிருப்பவரோடும் கலந்துபேசித் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டும். இது எல்லா வெளியேற்றங்களுக்கும் பொருந்தும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. இவ்விரு பிரிவுகளையும் இணைத்துப் படித்தால், 103ஆம் பிரிவின்கீழ்ச் சிறைக்குள் அமையும் மனநல மருத்துவ நிறுவனமும் 98ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டதே என்னும் பொருள் கிடைக்கிறது. அங்கிருந்து விடுதலையாகும் ஒவ்வொருவருக்கும் தொடர் சிகிச்சைத் திட்டம் வகுப்பது மருத்துவரின் கடமையாகிறது.

ஆனால் வார்டில் சேர்க்கப்படாமல், பொதுத் தொகுதியில் இருந்தபடியே மாத்திரை பெறுவோர் இப்பொருள்கோளுக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுக்கு 98ஆம் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. சட்டத்தின் இவ்விடைவெளியை மாநிலச் சிறை விதிகளோ அரசாணையோ நிரப்ப இயலும். அதுவரை 25ஆம் பிரிவு பயன்படக்கூடும். தம் மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமையை அது மனநோயுடையோருக்கு வழங்குகிறது. சிறை மருத்துவக் குறிப்பின் படியை விடுதலையாகும்போது கேட்டுப் பெறுவது சலுகையன்று, உரிமை என்பதைச் சிறைவாசிகளும் சட்ட உதவி வழக்கறிஞர்களும் அறிந்திருத்தல் வேண்டும்.

போதைப்பொருள் தொடர்பான 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மருத்துவத்திற்கு இடமுண்டு. போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்திற்கோ, சிறிய அளவு தொடர்பான குற்றத்திற்கோ தண்டிக்கப்படும் சார்புடையோரை, அவர்தம் இசைவுடன், சிறைக்கு அனுப்பாமல் மருத்துவத்திற்கு அனுப்ப 39ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. அத்தகைய குற்றச்சாட்டுக்கு ஆளானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்குத் தொடர்வதிலிருந்து 64ஏ பிரிவு விலக்களிக்கிறது. சிகிச்சையை முழுமையாக மேற்கொள்ளாவிடில் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். போதைச் சார்பில் மீள்பயன்பாடு என்பது நோயின் இயல்புகளுள் ஒன்று. அதனைச் சிகிச்சையின் தோல்வியாகக் கொள்வதா, சிகிச்சையின் ஒரு கட்டமாகக் கொள்வதா என்பதைப் பொறுத்தே இப்பிரிவின் பயன் அமையும்.

நாள் குறிக்கப்படாத விடுதலை

மேலை நாடுகளின் முன்மாதிரிகளை இந்தியாவில் அப்படியே பின்பற்றுவதற்கு ஒரு தடை உண்டு. அவற்றுள் பல, விடுதலை நாள் முன்கூட்டியே தெரியும் தண்டனைக் கைதிகளைக் கருத்திற்கொண்டவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களுள் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காட்டினர், விசாரணைக் கைதிகள். இவர்கள் பிணையிலோ வழக்கு முடிந்தோ வெளியேறுகின்றனர். பிணை ஆணை வந்து, பிணையாளர் ஏற்கப்பட்டால் அன்று மாலையே சிறைவாயில் திறக்கும். மனநல மருத்துவர் வாரத்தில் ஒருநாள் மட்டும் வரும் சிறையாயின், அவர் அடுத்த முறை வரும்போது நோயாளி அங்கு இரார்.

விரைவான விடுதலை சிறைவாசியின் அடிப்படை உரிமை. மருத்துவத்தின் பெயரால் அதனைத் தாமதப்படுத்துவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. எனவே திட்டத்தைத்தான் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். சிறையில் சேர்க்கும் நாளில் நிகழும் உடற்பரிசோதனையோடு, போதைச் சார்பு, மனநோய், தற்போது உட்கொள்ளும் மருந்து, முன்பு சென்ற மருத்துவமனை, வெளியே தொடர்புகொள்ள வேண்டியவர் ஆகியவற்றையும் பதிந்து, தொடர் சிகிச்சைக்குறிப்பு ஒன்று அன்றே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும் அது புதுப்பிக்கப்பட்டால், எந்த மாலையில் வாயில் திறந்தாலும் குறிப்பு ஆயத்தமாக இருக்கும்.

உச்சநீதிமன்றம் 2023 ஜனவரி 31ஆம் நாள் வழங்கிய நெறிமுறைகள் இதற்கு மற்றொரு வாய்ப்பையும் தருகின்றன. பிணை ஆணையின் மின்படி அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர்வழிச் சிறைவாசிக்கு அனுப்பப்பட வேண்டும். பிணை கிடைத்து ஏழு நாள்களுக்குள் ஒருவர் வெளியேறாவிடில், கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு அதனைத் தெரிவிக்க வேண்டும். அச்சிறைவாசியின் சமூக, பொருளாதார நிலை குறித்த அறிக்கையை நன்னடத்தை அலுவலர் அல்லது தன்னார்வச் சட்டப் பணியாளரைக்கொண்டு ஆயத்தம் செய்யவும் இடமுண்டு. பிணை கிடைத்தும் பிணையாளர் இன்றித் தங்கிவிடுவோர் யார்? வறியவர்கள், குடும்பத்தால் கைவிடப்பட்டவர்கள், மனநோயாலோ போதையாலோ உறவுகளை இழந்தவர்கள் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அவ்வறிக்கையில் மருத்துவத் தேவையும் ஒரு கூறாகச் சேர்க்கப்படுமானால், அதிகம் தேவையுடையோரைப் புதிய அமைப்பு எதுவுமின்றியே இனங்காண முடியும்.

பிணை நிபந்தனைகளும் மருத்துவத்தோடு தொடர்புடையவை. சொந்த ஊரை விட்டு வேறோரூரில் தங்கி நாள்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்னும் நிபந்தனை விதிக்கப்படும்போது, அவர் மருந்து பெறக்கூடிய மருத்துவமனையும் அவரைக் கவனிக்கக்கூடிய குடும்பமும் தொலைவாகின்றன. சிகிச்சை விவரத்தை, சிறைவாசியின் இசைவோடு, வழக்கறிஞர் நீதிமன்றத்தின் முன் வைத்தால் நிபந்தனையை மாற்றிக்கேட்க வழி பிறக்கும்.

ஏற்பார் இல்லாதோர்

நோயாளியை ஏற்க எவருமில்லாதபோது விடுதலையே தள்ளிப்போகக் கூடும் என்பதற்கு இந்திய நீதித்துறை வரலாற்றில் சான்றுகள் உள்ளன. பீகாரின் முசாபர்பூர் நீதிமன்றத்தால் 1968 ஜூனில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்ட ருதுல் சா, 1982 அக்டோபரில்தான் சிறையிலிருந்து வெளியேறினார். அவர் மனநலம் குன்றியிருந்தார் என்பது அரசுத் தரப்பு கூறிய காரணம். உச்சநீதிமன்றம் அதனை ஏற்காமல், அரசு அவருக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என 1983இல் தீர்ப்பளித்தது. அசாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் 1951இல் கைது செய்யப்பட்டுத் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் நலமடைந்துவிட்டதாக 1967இல் சான்றளிக்கப்பட்டது. ஆயினும் விசாரணையின்றியே சிறையில் வைக்கப்பட்டு, 54 ஆண்டுகளுக்குப் பின், 2005இல், ஒரு ரூபாய்ப் பிணையில் அவர் விடுவிக்கப்பட்டார்.

மனநலம் குன்றியவர் எனக் கருதப்படும் எதிரியை உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைக்கும் வழி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவ்வழி தொடர்கிறது. உறவினர் இல்லாதவருக்கு இவ்வழி அடைபடுகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இவ்விடத்தில் துணைநிற்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவ நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருத்தல் கூடாது என்பது அதன் நெறி. இடைநிலை இல்லங்கள், குழு இல்லங்கள் போன்றவற்றை அரசு அமைக்கவோ ஆதரிக்கவோ வேண்டும் என்றும் அது கூறுகிறது. சிறையிலிருந்து வருவோரையும் இத்தகைய இல்லங்கள் தயக்கமின்றி ஏற்கும்போதே, தொடர் பராமரிப்பு என்னும் சொல் ஏற்பார் இல்லாதோருக்கும் பொருள் தரும்.

செய்யத்தக்கன

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து சில நடைமுறைக் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, விடுதலையாகும் ஒவ்வொரு நோயாளியின் கையிலும் மூன்று பொருள்கள் இருத்தல் வேண்டும். குறைந்தது இரண்டு வாரங்களுக்குரிய மருந்து, அவர் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க எளிய தமிழிலும் மருத்துவருக்குரிய நடையிலும் எழுதப்பட்ட சிகிச்சைக்குறிப்பு, அவர் ஊருக்கு அருகிலுள்ள மாவட்ட மனநலத் திட்ட மையத்தின் பெயரும் செல்ல வேண்டிய நாளும் ஆகியன அவை. மருந்து தானே உட்கொள்வதில் இடர்ப்பாடு உடையோருக்கு, அவர்தம் இசைவோடு, பல வாரங்கள் செயல்படும் ஊசி மருந்தை விடுதலைக்கு முன் அளிப்பது பயன் தரும்.

இரண்டாவதாக, பொறுப்பு ஒரு மனிதருக்கு உரியதாக அமைய வேண்டும். சிறை நல அலுவலர், நன்னடத்தை அலுவலர், மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளர் ஆகிய மூவரும் ஒரே துறையின்கீழ் இயங்குவதில்லை. அனைவருக்கும் பொதுவான பொறுப்பு நடைமுறையில் எவருக்கும் உரியதாகாமற் போகிறது. முதல் மாதத்தில் நோயாளியைத் தொடர்புகொள்ள வேண்டியவர் இன்னார் என்பது பெயரளவில் தெளிவாக எழுதப்பட வேண்டும். 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணும், 14446 என்னும் போதை மீட்பு உதவி எண்ணும் இதற்குத் துணையாகலாம், மாற்றாக மாட்டா. அலைபேசி இல்லாதவருக்கு எண் மட்டும் போதாது.

மூன்றாவதாக, குடும்பத்தாருக்கு நோய் பற்றிய விளக்கம் தேவை. நேர்காணல் நாள்களில் சிறைக்கு வரும் பெற்றோருக்கும் துணைவருக்கும், நோய் திரும்புவதன் தொடக்க அறிகுறிகளையும், ஓப்பியம் வகைப் பொருள்களில் தாங்குதிறன் குறைந்திருப்பதன் இடரையும் எடுத்துக்கூறலாம். அதற்குத் தனிச் செலவு ஏதும் இல்லை.

நான்காவதாக, மருத்துவத் தகவல் மருத்துவர்களிடையே மட்டும் செல்ல வேண்டும். சட்டத்தின் 23ஆம் பிரிவு மறைகாப்பு உரிமையை உறுதிசெய்கிறது. சிகிச்சைக்குப் பதிவு செய்தால் காவல் துறைக்குத் தெரிந்துவிடும் என்னும் அச்சம் எழுமாயின், நோயாளி மருத்துவமனையை விட்டே விலகுவார். தொடர் பராமரிப்பு தொடர் கண்காணிப்பாக மாறிவிடாதிருப்பது இன்றியமையாதது.

முடிவுரை

விடுதலையை அடுத்த நாள்கள் நோயாளிக்கு இடர் மிகுந்தவை என்பதும், உரிய மருத்துவமும் துணையும் தொடர்ந்தால் அவ்விடரைக் குறைக்க இயலும் என்பதும் ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளன. இந்தியச் சட்டங்களில் இதற்கான கூறுகள் சிதறிக் கிடக்கின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98, 103ஆம் பிரிவுகளை இணைத்துப் படித்தல், பிணை குறித்த ஏழுநாள் நெறிமுறையில் மருத்துவத் தேவையைச் சேர்த்தல், சிகிச்சைக்குறிப்பைச் சிறையில் சேர்க்கும் நாளிலேயே எழுதத் தொடங்குதல் ஆகிய மூன்றும் புதிய சட்டம் எதையும் வேண்டாதவை. விடுதலை பெற்றவர் சிகிச்சையில் நிலைத்தாரா என்பதை ஆறாவது வாரத்திலும் ஆறாவது மாதத்திலும் கேட்டறியும் கள ஆய்வுகள் தமிழ்நாட்டின் மத்தியச் சிறைகளை மையமாகக்கொண்டு மேற்கொள்ளப்படுமானால், எந்தத் துணை எவருக்குப் பயன்படுகிறது என்பது தெளிவாகும். சமூகப்பணி, உளவியல், சட்டம் ஆகிய துறைகளின் ஆய்வாளர்கள் ஒருங்கிணைந்து செய்யத்தக்க பணி அது.